நிமிடத்துக்கு மூன்று

ஆம்பூர் வழியாகப் போகிறவர்கள் பிரியாணி சாப்பிடாமல் அந்த ஊரைத் தாண்டுவதில்லை. சீரகச் சம்பா அரிசி, விறகு அடுப்பு, தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய். இலையைக் காலி செய்து, ஒரு ஏப்பம் விட்டு, பெட்டிக்கடையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது, ‘அப்பாடா, வேலை முடிந்தது’ என்று நினைக்கிறோம்.

நம் வேலைதான் முடிந்தது. வயிற்றின் வேலை அப்போதுதான் ஆரம்பம்!

உள்ளே போன சோற்றையும் கறியையும் இரைப்பை பிசையத் தொடங்குகிறது. கண்டபடி அல்ல. இருபது விநாடிக்கு ஒரு தடவை, இரைப்பையின் நடுப்பகுதியில் ஓர் அலை கிளம்பி, கீழே வாசல் வரை நகர்ந்து போய் ஓய்கிறது. உடனே அடுத்தது. நிமிடத்துக்கு மூன்று. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 4,320. நீங்கள் தூங்கினாலும், பட்டினி கிடந்தாலும், அந்த மின்சார அலை மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

இதயம் துடிப்பதைப் பற்றி ஆயிரம் சினிமாப் பாட்டு இருக்கிறது. வயிறும் துடிக்கிறது. பாவம், அதைப் பற்றி யாரும் பாடியதில்லை!

சரி, இந்தத் தாளத்தைப் போடுவது யார்? மூளையா? இல்லை. நரம்புகளா? அவையும் இல்லை. விடையைக் கண்டுபிடிக்க விஞ்ஞானத்துக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பிடித்தது. அந்தத் துப்பறியும் கதையில் எவரெஸ்ட்டில் ஏறிய ஒரு வேலூர் டாக்டர் வருகிறார். வெள்ளை எலிகள் வருகின்றன. சென்னையின் ஓர் அரசு அலுவலகமும் வருகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது, நீங்கள் வெற்றிலையில் தடவினீர்களே, அந்தச் சுண்ணாம்பு!

பாலாற்றங்கரைக்காரர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... ஒரு காலத்தில் எல்லாமே வட ஆற்காடு. பிறகு வேலூர் மாவட்டம். 2019-ல் அதையும் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மாவட்டத்தின் பெயர் எப்படி மாறினாலும் மாறாத ஒன்று, காற்றில் வரும் அந்தத் தோல் வாசனை.

பச்சைத் தோல் டேனரிக்குள் நுழைந்ததும் முதலில் உப்பும் அழுக்கும் போக ஊறவைப்பார்கள். அடுத்து சுண்ணாம்பு. அந்தக் காலத்தில் தரையில் வெட்டிய சுண்ணாம்புக் குழிகளில் தோல் நாள்கணக்கில் கிடக்கும். சுண்ணாம்பு உள்ளே இறங்கி, தோல் உப்பி, மயிர்க்கால்கள் தளர்ந்து, முடி தானாகக் கழன்று வரும். அப்புறம்தான் சதை சீவுவது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவது எல்லாம். இப்படிப் பதமான தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. இந்த வேலையைக் கையால் செய்தவர்களை ஊர் தள்ளி வைத்தது. அவர்கள் பதம் பண்ணிய தோலில் செய்த செருப்பு மட்டும் ஊருக்கு வேண்டியிருந்தது!

இருபதாம் நூற்றாண்டில் குரோம் வந்தது. பள்ளம் போய் டிரம் வந்தது. சுண்ணாம்பு மட்டும் போகவில்லை.

இங்கே ஒரு நுணுக்கமான சமாசாரம் இருக்கிறது. தோலுக்குள் சுண்ணாம்பை ஏற்றுவது பாதி வேலைதான். வேலை முடிந்ததும் அதை இறக்கியாக வேண்டும். இறக்காமல் விட்டால் தோல் விறைத்து, மேல்பரப்பு கரடுமுரடாகிப் பாழ். அதனால் அமோனியா உப்பு போட்டு அலசுவார்கள். சுண்ணாம்பு போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டு பினாப்தலீன் விடுவார்கள். இளஞ்சிவப்பாக மாறினால், உள்ளே இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்று, வேலை வாங்கு, இறக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வயிற்றுக்குள்ளும் இதே தொழில்தான் நடக்கிறது. அங்கே ஒரு ரவுண்டுக்கு நாள்கணக்கு ஆகாது. இருபது விநாடி போதும்!

சுண்ணாம்பில் இருக்கும் உலோகத்தின் பெயர் கால்சியம். எலும்புக்கும் பல்லுக்கும் அது தேவை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால், தசை அசைவதற்கே கால்சியம் வேண்டும் என்பது தெரியவந்த கதை சுவாரஸ்யமானது.

லண்டனில் சிட்னி ரிங்கர் என்று ஒரு டாக்டர். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இதயம் ஜோராகத் துடித்தது. கட்டுரையும் வெளியிட்டுவிட்டார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கரைசலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் தயாரிக்கவில்லை. லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருந்தார்கள்! சரியென்று சுத்தமான தண்ணீரில் கரைசல் செய்து பார்த்தார். இதயம் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீரில் அப்படி என்ன இருந்தது? சுண்ணாம்புச் சத்து. கொஞ்சம் கால்சியம் சேர்த்ததும் தவளை இதயம் மறுபடி துடித்தது. 1883-ல் இதை எழுதினார் ரிங்கர்.

வயிற்றுப்போக்கில் துவண்டு வருபவருக்கு ஆஸ்பத்திரியில் ‘ஆர்.எல்.’ என்று ஒரு பாட்டில் தொங்கவிடுகிறார்கள் அல்லவா? ரிங்கர் லாக்டேட். அந்த ரிங்கர் இவர்தான். அந்த பாட்டிலில் இன்றும் துளி கால்சியம் இருக்கிறது.

இதயத்தின் கதை இப்படிப் போய்க்கொண்டிருக்க, வயிறு என்ன ஆயிற்று?

1822, ஜூன் மாதம். அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் வயிற்றில் துப்பாக்கி வெடித்து ஓட்டை விழுந்தது. ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் காப்பாற்றிவிட்டார். ஆனால், ஓட்டை மூடவே இல்லை. போமான்ட் என்ன செய்தார் தெரியுமா? இறைச்சித் துண்டை நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, வெளியே இழுத்து, ஜீரணம் எப்படி நடக்கிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். 1833-ல் புத்தகமும் போட்டார். இரைப்பை சும்மா கிடக்கும் பை அல்ல, அசைந்து புரட்டும் பை என்பதை உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான்.

எக்ஸ்-ரே கண்டுபிடித்த சூட்டோடு, அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மாணவர் பூனைக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, வயிற்றில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்த்தார். பூனைக்குக் கோபமோ பயமோ வந்தால் அந்த அசைவு சட்டென்று நின்றது. சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடாதே என்று நம் வீட்டுப் பாட்டி சொன்னதற்கு எக்ஸ்-ரே சாட்சி!

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1921. சான்ஃபிரான்சிஸ்கோவில் வால்டர் அல்வரஸ் என்ற டாக்டரிடம் ஒரு மூதாட்டி வந்திருந்தார். வயிற்றுச் சுவர் மிகவும் மெலிந்தவர். இரைப்பை அலை ஓடுவது வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. அவர் வயிற்றின் மேல் மின்வாயை வைத்துப் பதிவு செய்தார் அல்வரஸ். நிமிடத்துக்கு மூன்று என்று மெதுவான மின் அலை விழுந்தது. மனித வயிற்றின் முதல் ‘ஈ.சி.ஜி.’ அது.

அடுத்த வருஷம், 1922-ல், உலகத்தின் இன்னொரு மூலையில், இருபத்தாறாயிரம் அடிக்கு மேலே, ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் சரிவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் ஒரு டாக்டர். பெயர் தியோடர் ஹோவார்ட் சோமர்வெல். நம் வேலூருக்கு வரவேண்டியவர்.

இவருடைய பூர்வீகத்தைக் கேட்டால் ஆம்பூர்க்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊர். குடும்பத் தொழில் தோலும் செருப்பும்! ‘கே ஷூஸ்’ என்று இங்கிலாந்தில் புகழ்பெற்ற கம்பெனி இவர்கள் குடும்பத்துடையது. அப்பா வழித் தொழிலில் உட்கார்ந்திருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். மனுஷன் டாக்டருக்குப் படித்தார். முதல் உலகப்போரில், ஸாம் போர்க்களத்தில், அறுத்து அறுத்து மாளாத அளவுக்கு காயம்பட்டவர்களைப் பார்த்தார்.

1922 பயணத்தில் பனிச்சரிவு ஏழு ஷெர்பாக்களை விழுங்கியது. அது சோமர்வெல்லின் மனதை அறுத்தது. மலையை விட்டு இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டம். அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் பெருங்கூட்டம் காத்திருக்க, ஒரே ஒரு சர்ஜன் திணறிக்கொண்டிருந்தார். சோமர்வெல்லின் லண்டன் கனவுகள் அந்த வாசலிலேயே முடிந்துபோயின. நெய்யூருக்கே வந்துவிட்டார்.

1924-ல் லீவு போட்டுவிட்டு மறுபடி எவரெஸ்ட்! இந்தத் தடவை தொண்டையின் உள்சவ்வு குளிரில் உறைந்து கழன்று மூச்சை அடைத்தது. பனியில் உட்கார்ந்து சாவுக்குத் தயாரானவர், கடைசியாக இரண்டு கையாலும் நெஞ்சை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. பிழைத்தார். அவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு மேலே போன மல்லரி திரும்பவே இல்லை.

நெய்யூரில் சோமர்வெல் சந்தித்த பெரிய எதிரி எது தெரியுமா? வயிற்றுப் புண். அல்சர். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் வந்து, ஆறி, தழும்பு கட்டி, இரைப்பையின் வாசலே சுருங்கிப்போனவர்கள் சாரிசாரியாக வந்தார்கள். சாப்பிட்டது கீழே இறங்காது. முதல் நாள் சாப்பிட்டதை மறுநாள் வாந்தி எடுப்பார்கள். எலும்பும் தோலுமாக இருப்பார்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துத் தைத்து மாற்றுப்பாதை போடுவதுதான் அன்றைய வைத்தியம். இதில் சோமர்வெல் கைதேர்ந்தவர். தன் சகாவோடு சேர்ந்து 1936-ல் பிரிட்டிஷ் சர்ஜரி சஞ்சிகையில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஏழைகளின் சாப்பாட்டில்தான் கோளாறு இருக்கிறது என்பது அக்காலத்து டாக்டர்கள் பலரின் எண்ணம். குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்குச் சாப்பாட்டைப் போட்டு, வயிற்றுப் புண் வருகிறதா என்று பார்த்தார். வந்தது!

1949-ல் சோமர்வெல் வேலூருக்கு வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்காக ஆரம்பித்த மருத்துவப் பள்ளி, அதற்குள் பெரிய கல்லூரியாகி, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது. நம் சி.எம்.சி.தான். அங்கே 1961 வரை சர்ஜரி சொல்லிக்கொடுத்தார். செருப்புக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை, தோல் தொழில் நடக்கும் மண்ணுக்கே வந்து சேர்ந்தது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரைப்பையின் வாசல் அடைத்துக்கொண்ட நோயாளியைப் பரிசோதிக்க, சர்ஜரி மாணவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. நோயாளியைப் படுக்கவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமையாக. சற்று நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே ஒரு மேடு தெரியும். எலுமிச்சம்பழம் தோலுக்கடியில் உருண்டு போவது மாதிரி மெதுவாக வலது பக்கம் நகரும். மறையும். அடுத்தது வரும். கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு மூன்று!

அல்வரஸ் அமெரிக்காவில் கருவி வைத்துப் பிடித்த தாளத்தை, தென்னிந்திய ஏழையின் வயிறு எந்தக் கருவியும் இல்லாமல் வெளியே காட்டிக்கொண்டிருந்தது. வாசல் அடைத்துவிட்டது என்று தெரிந்தும் அந்த இரைப்பை விடாமல் முட்டிக்கொண்டே இருந்தது. பட்டினியின் படம் அது.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம். 1943-ல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற சர்ஜன், அல்சருக்குப் புது வழி சொன்னார். மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அமிலம் குறையும். புண் ஆறும். அப்படியே ஆறியது. நரம்பை வெட்டி, கூடவே மாற்றுப்பாதையும் போடும் ஆபரேஷன் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் பல காலம் சர்வசாதாரணம்.

ஆனால், யோசித்துப் பாருங்கள். மூளையிலிருந்து வரும் பெரிய லைனையே கட் பண்ணியாயிற்று. வயிற்றின் தாளம் நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. பிசையும் பலம் குறைந்தது, காலியாவது தாமதமானது. அதனால்தான் மாற்றுப்பாதை போட வேண்டியிருந்தது. ஆனால், இருபது விநாடிக்கு ஓர் அலை என்ற அடிப்படைத் தாளம் தொடர்ந்தது.

அப்படியானால் தாளக்காரர் வயிற்றுக்குள்ளேயேதான் இருக்கிறார்!

நாதஸ்வரக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். எல்லார் கண்ணும் நாதஸ்வர வித்வான் மேல், தவில்காரர் மேல். ஓரத்தில் ஒரு பையன் தாளத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். அவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் தவறினால் கச்சேரி தவறிப்போகும். வயிற்றிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். அவனை ஒருவர் பார்த்திருந்தார். ஆனால், யார் என்று அடையாளம் தெரியவில்லை!

ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால். மூளை செல்களை வரைந்து வரைந்தே 1906-ல் நோபல் பரிசு வாங்கியவர். குடலின் தசைக்கும் நரம்புக்கும் நடுவே, கைகால்களை நீட்டிக்கொண்டு வலைபோலப் பின்னிக்கிடக்கும் விசித்திர செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்துவைத்தார். ஏதோ பழைய மாடல் நரம்பு செல் என்று நினைத்தார். எழுபது வருஷத்துக்கு மேல் அந்த செல்கள் புத்தகத்தில் படமாகவே தூங்கின. 1982-ல் டென்மார்க்கின் லார்ஸ் துனெபெர்க், ‘இவைதான் குடலின் தாளக்காரர்களாக இருக்க வேண்டும்’ என்று எழுதினார். சரி, நிரூபிப்பது எப்படி?

நிரூபித்தவை எலிகள். 1992-ல் ஜப்பான் விஞ்ஞானிகள், பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ‘கிட்’ என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். குடலின் தாளம் கெட்டது. 1995-ல் கனடாவில் யான் ஹுயிசிங்கா குழுவினர், பிறவியிலேயே அந்த ஜீன் பழுதான எலிகளை ஆராய்ந்தார்கள். சிறுகுடலில் கஹால் செல்களின் முக்கியமான வலையைக் காணோம். மின் அலையையும் காணோம்! கேஸ் முடிந்தது.

இந்த எலிகளை வெளியிலிருந்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். ரோமம் வெள்ளை! காரணம், ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் செல்களுக்கும் இதே ‘கிட்’தான் வேண்டும். வெள்ளைப் பன்றி, வெள்ளைக் குதிரை சிலவற்றின் நிறத்துக்குப் பின்னாலும் இந்த ஜீனின் கைவரிசை உண்டு. தோலின் நிறத்துக்கும் குடலின் தாளத்துக்கும் ஒரே கையெழுத்து.

சரி, ஆளைப் பிடித்தாயிற்று. அவன் எப்படித் தாளம் போடுகிறான்?

இங்கேதான் சுண்ணாம்புக் குழி மறுபடி வருகிறது. ஒவ்வொரு கஹால் செல்லுக்குள்ளும் கால்சியத்தைப் பூட்டிவைக்கும் ஒரு கிடங்கு இருக்கிறது. மற்றபடி செல்லுக்குள் கால்சியம் ரொம்பக் குறைவு. வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். திடீரென்று கிடங்கின் கதவு ஒன்று திறக்கிறது. கால்சியம் பொறிபோலத் தெறிக்கிறது. அந்தப் பொறி பட்டதும், செல்லின் மேல்சுவரில் இருக்கும் இன்னொரு கதவு திறந்து குளோரைடு வெளியேறுகிறது. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அதுதான் அலையின் ஆரம்பம். வெளியிலிருந்தும் கொஞ்சம் கால்சியம் நுழைந்து அலையை ஊதிப் பெரிதாக்குகிறது. பக்கத்து கஹால் செல் அதைப் பார்த்துப் பற்றிக்கொள்கிறது. அதற்குப் பக்கத்தது... இப்படித் திருவிழா சரவெடி மாதிரி அலை இரைப்பை நெடுக ஓடுகிறது.

கஹால் செல்லோடு நுண்ணிய வாசல்களால் கைகோத்திருக்கும் தசை செல்லுக்கும் அந்த அலை போகிறது. மின்னழுத்தம் போதிய அளவு உயர்ந்தால் தசை செல்லின் கால்சியம் கதவு திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்மோடுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது ஒரு நொதியை எழுப்ப, நொதி தசை இழைகளை உசுப்ப, இழை இழையை இழுக்க, தசை சுருங்குகிறது. இறைச்சித் துண்டு நசுங்குகிறது!

அப்புறம்? இறக்க வேண்டுமே! பம்புகள் மும்முரமாக வேலை செய்து கால்சியத்தை வெளியேயும் கிடங்குக்குள்ளேயும் தள்ளுகின்றன. இறக்காவிட்டால் தசை விறைத்தபடியே நிற்கும், சுண்ணாம்பு போகாத தோல் மாதிரி. இறக்கி முடித்து, கிடங்கு நிரம்பி, அடுத்த பொறிக்குத் தயாராகிற கால அவகாசத்தையும் சேர்த்துத்தான் அந்த இருபது விநாடி.

டேனரியில் பினாப்தலீன் சொட்டு விட்டுப் பார்ப்பது போலவே, கால்சியத்தைத் தொட்டால் ஒளிரும் சாயங்களை செல்லுக்குள் விட்டு இதையெல்லாம் விஞ்ஞானிகள் பார்த்தார்கள். கிடங்குக் கதவு பழுதான எலிகளின் இரைப்பையில் தாளமே இல்லை என்று 2000-ல் ஜப்பானியர்கள் காட்டினார்கள். குளோரைடு கதவின் பெயர் அனோ-1. அது கஹால் செல்லின் தாளத்துக்குத் தேவை என்பது 2009-ல் உறுதியானது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கால்சியம் வெற்றிலைச் சுண்ணாம்பிலிருந்து நேராக வயிற்றுத் தசைக்குப் போவதில்லை. உடம்பு ரத்தத்தில் எப்போதும் அளந்து வைத்திருக்கிற இருப்பு அது. அதனால், ஜீரணத்துக்கு நல்லது என்று டப்பா டப்பாவாகச் சுண்ணாம்பு தின்னக் கிளம்பாதீர்கள். வாய்தான் வேகும்!

இதெல்லாம் தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

ரத்தக் கொதிப்புக்கு வெராபமில் சாப்பிடும் சிலருக்கு மலச்சிக்கல் வருகிறது. காரணம் இப்போது உங்களுக்கே புரியும். ரத்தக்குழாயின் கால்சியம் கதவைச் சாத்துகிற மாத்திரை, குடலின் கதவையும் கொஞ்சம் சாத்துகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய் பல வருஷம் கட்டுக்கடங்காமல் இருந்தால், சிலருக்குக் கஹால் செல்கள் அழிந்துபோகின்றன. தாளக்காரன் இல்லாத கச்சேரி. காலையில் சாப்பிட்ட இட்லி மாலையிலும் வயிற்றில் கிடக்கும். இரண்டு வாய்க்கே வயிறு நிரம்பிவிடும். இன்சுலின் போட்டிருக்கிறோம், சாப்பாடோ இன்னும் இறங்கவில்லை என்றால் சர்க்கரை தடாலென்று இறங்கும். ‘வெறும் கேஸ் டிரபிள்’ என்று சோடா குடித்துச் சமாளிக்கிற விஷயமல்ல இது.

இதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அந்தத் தாளக்காரனே சில நேரம் புற்றுநோயாக மாறிவிடுகிறான். ‘ஜிஸ்ட்’ என்று அந்தக் கட்டிக்குப் பெயர். பல காலம் இது எந்த வகைக் கட்டி என்றே புரியவில்லை. கீமோ கொடுத்தால் மசியாது. 1998-ல் ஒசாகாவின் ஹிரோட்டா குழுவினர் குட்டை உடைத்தார்கள். பெரும்பாலான ஜிஸ்ட் கட்டிகளில் பழுதாகியிருப்பது அதே ‘கிட்’ ஜீன். எலியில் அது அணைந்துபோனதால் ரோமம் வெளுத்தது, தாளம் நின்றது. கட்டியிலோ அது அணைய மறுத்து எரிந்துகொண்டே இருந்தது!

அணைக்க ஒரு மருந்து தயாராக இருந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக நோவார்ட்டிஸ் கம்பெனி கொண்டுவந்த இமாட்டினிப். 2000-ல் ஃபின்லாந்தில் ஜிஸ்ட் முற்றிய ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின. 2002-ல் அமெரிக்கா ஜிஸ்ட்டுக்கும் அனுமதி கொடுத்தது. தினம் மாத்திரை விழுங்கினால் வருஷக்கணக்கில் வாழலாம்.

விலை? அன்று இந்தியாவில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் தயாரித்த அதே மருந்து, அன்று சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கம்பெனி தன் உதவித் திட்டத்தில் பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், உயிர் பிழைப்பது ஒருவருடைய தாராள மனதைப் பொறுத்து இருக்கலாமா என்பதுதான் கேள்வி.

மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு 1998-ல் கேட்ட காப்புரிமை விண்ணப்பம் எங்கே கிடந்தது தெரியுமா? சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்! 2005-ல் திருத்திய சட்டத்தின் 3(டி) பிரிவு, பழைய மருந்தைக் கொஞ்சம் உருமாற்றினால் மட்டும் போதாது, குணத்தில் கூடுதல் பலன் காட்ட வேண்டும் என்றது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. அந்தச் சட்டப்பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1. உச்ச நீதிமன்றமும் ‘காப்புரிமை கிடையாது’ என்றது. உலகமே திரும்பிப் பார்த்த தீர்ப்பு.

சோமர்வெல் 1975-ல் இங்கிலாந்தில் காலமானார். அவர் ஆயுசு முழுக்கப் போராடிய அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியா என்று ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் எண்பதுகளில் கண்டுபிடித்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல். சில நாள் மாத்திரை போதும் என்றானபின், அந்தப் பெரிய ஆபரேஷன்கள் அபூர்வமாகிவிட்டன. தண்ணீர் குடிக்கவைத்து எலுமிச்சம்பழம் உருள்வதைப் பார்க்கிற பாடமும் இன்று அதிகம் தேவைப்படுவதில்லை. எலும்பும் தோலுமான அந்த நோயாளிகள் குறைந்துபோனதற்காக நாம் சந்தோஷப்பட வேண்டும்.

செய்த தொழிலால் தோல்காரர்களை ஒதுக்கிவைத்தோம். வயிற்றுச் சமாசாரத்தை நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்பட்டோம். ஆனால், உயிர் பிழைக்கிற ரகசியம் ஒன்று அந்த அழுக்குக்கு நடுவில்தான், ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பை ஏற்றியும் இறக்கியும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்க உங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தால், அது நாற்பத்தைந்து தடவை தட்டியிருக்கும்.